இன்னொரு நாட்டின் மத சுதந்திரத்துக்காக வெளியிலிருந்து என்ன செய்ய முடியும்?

கேள்வி இதுதான்: ஒரு நாடு தன் வெளியுறவுக் கொள்கையை வைத்துக்கொண்டு இன்னொரு நாட்டில் மத சுதந்திரத்தைக் காப்பாற்ற முடியுமா, இல்லை இதெல்லாம் அறிக்கை விடுவதோடு முடிந்துபோகிற சமாச்சாரமா?

முடியும். ஆனால் நினைக்கிற அளவுக்கு முடியாது, நினைக்கிற வழியிலும் முடியாது. சிறையில் கிடந்தவர்களை வெளியே கொண்டுவர முடிந்திருக்கிறது. சில சட்டங்களை மாற்றவைக்க முடிந்திருக்கிறது. ஒரு சமூகத்தின் மனத்தை வெளியிலிருந்து யாரும் மாற்றியதாக எனக்குத் தெரியவில்லை. கேட்கிற நாடு ‘எங்கள் ஆட்களை விடுங்கள்’ என்று கேட்கிறதா, ‘எவராக இருந்தாலும் விடுங்கள்’ என்று கேட்கிறதா என்பதில்தான் முக்கால்வாசி விஷயம் அடங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில், எதைக் காக்கிறோம் என்று பார்த்துவிடலாம். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மனித உரிமைகள் பிரகடனத்தின் 18-வது பிரிவு, எண்ணம், மனச்சாட்சி, மதம் ஆகியவற்றில் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. அதோடு நிற்காமல், மதத்தையோ நம்பிக்கையையோ மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் அதில் அடக்கம் என்கிறது. இந்த ‘மாற்றிக்கொள்ளும்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குத்தான் அவ்வளவு சண்டை. லெபனானின் சார்லஸ் மாலிக் அதற்காக வாதாடினார். சவூதி அரேபியா அதை எதிர்த்தது. கடைசி வாக்கெடுப்பில் 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை, 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. அந்த எட்டில் சவூதியும் ஒன்று. பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃபருல்லா கான் குர்ஆனை மேற்கோள் காட்டியே இந்தப் பிரிவை ஆதரித்துப் பேசினார்.

ஜஃபருல்லா கான் அகமதியா பிரிவைச் சேர்ந்தவர். 1974-ல் அதே பாகிஸ்தான் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, அகமதியாக்கள் முஸ்லிம்களே அல்ல என்று அறிவித்தது. 1984-ல் வந்த அவசரச் சட்டத்தின்படி, அவர்கள் தங்கள் வழிபாட்டு இடத்தை மசூதி என்று சொன்னாலே குற்றம். அவர் 1985 வரை வாழ்ந்தார். இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

1966-ல் வந்த குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கை, நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். அதில் ‘மாற்றிக்கொள்ளும்’ என்ற சொல் காணாமல் போய், ‘தன் விருப்பப்படி ஒரு மதத்தையோ நம்பிக்கையையோ கொண்டிருக்க அல்லது ஏற்க’ என்று ஆகிவிட்டது. சமரசம். பிறகு 1993-ல் ஐ.நா. மனித உரிமைக் குழு கொடுத்த விளக்கத்தில், மாற்றிக்கொள்வதும் இதில் அடக்கம்தான், நாத்திகமும் எந்த மதமும் வேண்டாம் என்பதும் இதே பிரிவின் பாதுகாப்பில்தான் வரும் என்று தெளிவாக்கினார்கள்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒரு நுணுக்கம் உண்டு. வழிபாட்டையும் மதச் செயல்பாட்டையும் எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று உடன்படிக்கை பட்டியல் போட்டிருக்கிறது: பொதுப் பாதுகாப்பு, ஒழுங்கு, சுகாதாரம், ஒழுக்கம், பிறரின் உரிமைகள். பேச்சுரிமைக்கான பிரிவில் இருக்கும் ‘தேசியப் பாதுகாப்பு’ இந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நடைமுறையில் அரசுகள் முதலில் எடுத்து நீட்டும் காரணம் அதுதான். 2017-ல் ரஷ்ய உச்ச நீதிமன்றம் யெகோவாவின் சாட்சிகள் அமைப்பைத் தடை செய்தபோது சொன்ன காரணம் ‘தீவிரவாதம்’. ஆயுதம் தூக்க மாட்டோம் என்பதாலேயே பல நாடுகளில் சிறைக்குப் போனவர்கள் அவர்கள். பேச்சுவார்த்தைக்குப் போகும் தூதருக்கு இந்த ஒரு பட்டியல் மனப்பாடமாக இருந்தாலே பாதி வாதம் கையில் இருக்கிறது.

சரி, வெளியுறவுக் கொள்கைக்கு வருவோம். மதத்தைக் காக்கிறேன் என்று ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் மூக்கை நுழைப்பது புதிதில்லை, அதன் பழைய வரலாறு அவ்வளவு நல்லதுமில்லை. 1774-ல் உஸ்மானியப் பேரரசைத் தோற்கடித்த ரஷ்யா, அப்போது போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, அந்தப் பேரரசில் வாழும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நான்தான் காப்பாளன் என்று உரிமை கொண்டாடத் தொடங்கியது. கத்தோலிக்கர்களுக்கு நான் என்று பிரான்ஸ் வந்தது. பெத்லகேம் தேவாலயத்தின் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்ற தகராறும் சேர்ந்து 1853-ல் கிரிமியப் போரில் கொண்டுபோய் விட்டது. ரஷ்யாவுக்குக் கருங்கடல் வழி மேல்தான் கண் என்பது எல்லோருக்கும் தெரியும். காக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட கிறிஸ்தவர்களுக்குக் கிடைத்தது, அந்நியன் கைக்கூலி என்ற பட்டம். அந்தச் சந்தேகம் அடுத்த தலைமுறைகளிலும் அவர்களை விடவில்லை.

1878-ல் பெர்லின் ஒப்பந்தம் கொஞ்சம் நாகரிகமாக முயன்றது. ருமேனியா, செர்பியா போன்ற நாடுகளைத் தனி நாடுகளாக அங்கீகரிக்க வேண்டுமானால் மத வேறுபாடு பார்க்காமல் எல்லோருக்கும் சம உரிமை தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ருமேனியா தலையாட்டியது. சட்டத்தையும் திருத்தியது. ஆனால் யூதர்களுக்குக் குடியுரிமை ஆளுக்கு ஆள் தனித்தனியாக, நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தால்தான் என்று ஒரு வழி வைத்துக்கொண்டது. முதல் உலகப் போர் முடியும்வரை பெரும்பாலான யூதர்கள் பிறந்த மண்ணிலேயே அந்நியர்களாக இருந்தார்கள். காகிதத்தில் கண்டிப்பாக இருந்தது நிபந்தனை. கண்காணிக்கத்தான் ஆள் இல்லை.

இன்றைய காலத்தில் இதற்கென்று ஒரு முழு இயந்திரத்தையே கட்டியது அமெரிக்கா. 1998-ல் கிளின்டன் கையெழுத்திட்ட சர்வதேச மத சுதந்திரச் சட்டத்தின்படி, வெளியுறவுத் துறையில் தனி அலுவலகம், சிறப்புத் தூதர், ஆண்டுதோறும் ஒவ்வொரு நாட்டைப் பற்றியும் அறிக்கை, அரசுக்கு வெளியிலிருந்து கண்காணிக்க ஒரு தனி ஆணையம் எல்லாம் வந்தன. மோசமான நாடுகள் ‘குறிப்பாகக் கவலைக்குரிய நாடுகள்’ பட்டியலில் சேரும். பட்டியலில் சேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதற்குத் தனியாக அழைத்து முறையிடுவதில் தொடங்கிப் பொருளாதாரத் தடைவரை 15 நடவடிக்கைகளைச் சட்டமே வரிசைப்படுத்துகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது என்ன? சவூதி அரேபியா 2004-ல் பட்டியலில் சேர்ந்தது. 2006-லிருந்து ‘முக்கியமான தேச நலன்’ என்று சொல்லி நடவடிக்கைக்கு விலக்கு. இன்னும் சில நாடுகள் மீது ஏற்கெனவே வேறு காரணத்துக்காகத் தடை இருக்கும். அதையே இதற்கும் கணக்கு காட்டிவிடுவார்கள். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு. நைஜீரியாவை 2020-ல் பட்டியலில் சேர்த்தார்கள், அடுத்த ஆண்டு நவம்பரில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அங்கே பயணம் போகும் நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அந்த ஓராண்டில் நைஜீரியாவில் என்ன மாறிவிட்டது என்று கேட்டவர்களுக்கு உருப்படியான பதில் கிடைக்கவில்லை.

இந்தச் சட்டம் கொண்டுவந்த விசா மறுப்புப் பிரிவை வெளியே தெரிந்தவரை ஒருவர் மீதுதான் பயன்படுத்தினார்கள். 2005-ல், அப்போது குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி மீது, 2002 கலவரத்தைக் காரணம் காட்டி. 2014-ல் அவர் பிரதமரானதும் வாஷிங்டனே அழைப்பு அனுப்பியது. அவர் செய்தது சரியா தவறா என்ற வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. தனிமனிதர் மீது போடும் தடைக்கு, அவர் அதிகாரம் வளர வளர ஆயுள் குறையும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்.

அதற்காகப் பட்டியலே வீண் என்றும் சொல்ல மாட்டேன். வியட்நாமைப் பாருங்கள். 2004-ல் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த நேரம் வியட்நாமுக்கு உலக வர்த்தக அமைப்பில் சேர வேண்டும், அமெரிக்காவோடு நிரந்தர வர்த்தக உறவும் வேண்டும். அதாவது அதற்கு ஒன்று தேவைப்பட்டது. 2005-ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன: கைதிகள் விடுதலை, நம்பிக்கையைக் கைவிடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதற்குத் தடை, மூடிய வழிபாட்டு இடங்களைத் திறக்க வழி. 2006 நவம்பரில், புஷ் ஹனோய் போவதற்குச் சில நாள் முன்னால், வியட்நாமைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கைதிகள் உண்மையாகவே வெளியே வந்தார்கள், தேவாலயங்கள் திறந்தன. அப்புறம், பிடி தளர்ந்ததும் பழைய குணம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. 2022-ல் வியட்நாம் அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலுக்கு, அதாவது பழைய பட்டியலுக்கு ஒரு படி கீழே, வந்து சேர்ந்தது. எதிர்த்தரப்புக்கு எது தேவையோ அது நம் கையில் இருக்கும்வரைதான் நம் பேச்சு எடுபடும்.

வர்த்தகத்தை இப்படிப் பிடியாக வைத்த ஒரு பெரிய முயற்சி அதற்கு முன்பே சோவியத் யூதர்கள் விஷயத்தில் நடந்தது. குடிமக்களுக்கு நாட்டை விட்டு வெளியேறும் உரிமை தராத கம்யூனிச நாடுகளுக்கு வர்த்தகச் சலுகை இல்லை என்ற ஜாக்சன்-வானிக் திருத்தம் 1975 ஜனவரியில் சட்டமானது. ஆதரிப்பவர்கள் இதை மாபெரும் வெற்றியாகச் சொல்வார்கள். எண்கள் அவ்வளவு நேராக இல்லை. 1973-ல் ஏறத்தாழ 35,000 யூதர்கள் வெளியேறினார்கள். சட்டம் வந்த 1975-ல் அது சுமார் 13,000 ஆகக் குறைந்தது. 1979-ல், ஆயுதக் கட்டுப்பாட்டுப் பேச்சும் வர்த்தக ஆசையும் உச்சத்தில் இருந்தபோது 51,000-ஐத் தொட்டது. ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்குப் பிறகு, 1980-களின் நடுவில் ஆண்டுக்கு ஆயிரம் பேர் அளவுக்கு விழுந்தது. இரு நாட்டு உறவின் வெப்பநிலையோடு சேர்ந்துதான் கதவு திறந்து மூடியது. சட்டம் அந்த விவகாரத்தை மேசையை விட்டு இறங்கவிடாமல் வைத்திருந்தது. அதுவும் சின்ன வேலை இல்லைதான்.

அதே காலத்தில் நடந்த இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 1978 ஜூன் 27. சைபீரியாவிலிருந்து ரயிலேறி வந்த இரண்டு பெந்தெகொஸ்தே குடும்பத்தினர், மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரக வாசலில் நின்ற சோவியத் காவலர்களைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டார்கள். கூட வந்த ஒரு மகனை வாசலிலேயே மடக்கிவிட்டார்கள். உள்ளே போய்விட்டது ஏழு பேர். அவர்களை வெளியே அனுப்பினால் கைது. வைத்துக்கொண்டால் இன்னும் நூறு பேர் ஓடிவருவார்களோ என்ற பயம். தூதரகத்தின் அடித்தளத்தில் ஒரு சின்ன அறையைக் கொடுத்தார்கள். அந்த அறையில் ஐந்து வருடம் போனது. கார்ட்டர் காலத்தில் தீரவில்லை. தாயும் மகளும் உண்ணாவிரதம் இருந்தும் தீரவில்லை. 1983 பிப்ரவரியில் ரீகன் சோவியத் தூதர் டோப்ரினினை வெள்ளை மாளிகைக்கு ஓசைப்படாமல் வரவழைத்து இரண்டு மணி நேரம் பேசினார். அவர் கேட்டது இவ்வளவுதான்: இவர்களை விட்டுவிடுங்கள், விட்டால் நான் தம்பட்டம் அடிக்க மாட்டேன். அந்தக் கோடைக்குள் குடும்பங்கள் நாட்டை விட்டு வெளியேறிவிட்டன. சோவியத் ஒன்றியத்தைத் தீமையின் பேரரசு என்று மேடையில் முழங்கிய அதே ரீகன், இந்த விஷயத்தில் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஒரு வார்த்தை வெளியே பேசவில்லை. காதும் காதும் வைத்தாற்போல முடித்த காரியம், இரு தரப்புக்கும் இடையே கொஞ்சம் நம்பிக்கையை வளர்த்தது என்று அவருடைய வெளியுறவு அமைச்சர் ஷுல்ட்ஸ் பின்னால் எழுதினார்.

அப்படியானால் எப்போதும் ரகசியமாகவே பேச வேண்டுமா? இல்லை. ஆள் யார் என்று வெளியே தெரியாத கைதிக்கு மௌனம் ஆபத்து. பெயர் வெளியே வந்தால்தான் அடிக்கிற கை தயங்கும். பெயர் ஏற்கெனவே பிரபலமாகி, அரசுக்கு அது மானப் பிரச்சினையாக ஆகிவிட்டால், அங்கே சத்தத்தைக் குறைத்து அவர்கள் இறங்கிவர ஒரு படி வைக்க வேண்டும். எது எந்த நேரம் என்று கைதியின் வழக்கறிஞரையும் குடும்பத்தையும் கேட்காமல் தலைநகரில் உட்கார்ந்து முடிவெடுப்பதுதான் நான் பார்த்ததிலேயே அடிக்கடி நடக்கும் தப்பு.

தனிமனித மீட்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2014 மே மாதம் சூடானில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு, மதம் மாறிவிட்டார் என்று மரண தண்டனை விதித்தார்கள். சிறையில், காலில் சங்கிலியோடு குழந்தை பெற்றார். உலகமே கொதித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது, அடுத்த நாளே விமான நிலையத்தில் மறுபடி பிடித்தார்கள், அமெரிக்கத் தூதரகத்தில் ஒரு மாதம் தங்கினார், ஜூலையில் இத்தாலிய அரசு விமானத்தில் ரோம் போய்ச் சேர்ந்தார். அருமையான முடிவு. ஆனால் அவரைத் தண்டித்த சட்டப் பிரிவு அப்படியே இருந்தது. அது போனது 2020 ஜூலையில், அதுவும் சூடான் மக்களே தெருவில் இறங்கி அதிபர் அல்-பஷீரை விரட்டிய பிறகு வந்த இடைக்கால அரசு செய்த வேலை. அமெரிக்காவின் கறுப்புப் பட்டியலிலிருந்து வெளியே வர வேண்டும் என்ற ஆசை அந்த அரசுக்குக் கை கொடுத்தது, அவ்வளவே. வெளிநாட்டு அழுத்தம் உள்ளே இருக்கும் சீர்திருத்தக்காரனுக்கு ஊன்றுகோல் ஆகலாம். நடக்க வேண்டியது அவன்தான்.

பெரிய வல்லரசுக்குத்தான் இதெல்லாம் சாத்தியம் என்று நினைத்தால், காம்பியாவைப் பாருங்கள். சுமார் 25 லட்சம் மக்கள் மட்டுமே உள்ள மேற்கு ஆப்பிரிக்க நாடு. 2018-ல் வங்கதேசத்தில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் கூட்டம். போக வேண்டிய வெளியுறவு அமைச்சரால் போக முடியாததால் நீதி அமைச்சர் அபுபக்கர் தம்பாடு போனார். அங்கே காக்ஸ் பஜாரில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா முஸ்லிம்களின் முகாம்களில் அவர் கேட்ட கதைகள் அவருக்குப் புதியவை இல்லை. ருவாண்டா இனப்படுகொலைக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடத்தியவர் அவர். 2019 நவம்பரில் காம்பியா, இனப்படுகொலை உடன்படிக்கையின்கீழ் மியான்மர் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. மியான்மரின் அன்றைய தலைவர் ஆங் சான் சூகியே ஹேக் நகருக்கு வந்து மியான்மருக்காக வாதாட வேண்டியதாயிற்று. 2020 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால உத்தரவு பிறப்பித்தார்கள். முகாம்களில் இருப்பவர்கள் இன்னும் வீடு திரும்பவில்லை என்பதும் உண்மை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, காம்பியா ‘இவர்கள் முஸ்லிம்கள், நாங்களும் முஸ்லிம்கள்’ என்ற வாதத்தோடு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எந்த நாடும், பாதிக்கப்பட்டவர் யாராக இருந்தாலும், கேட்கலாம் என்ற இடத்தில் நின்றது. நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். 2022 அக்டோபர் 6 அன்று ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், சீனாவின் ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களின் நிலை பற்றிய ஐ.நா. அறிக்கையை விவாதிக்கலாமா என்று ஒரு வாக்கெடுப்பு. கண்டிக்கக்கூட இல்லை, விவாதிக்கலாமா என்று மட்டும்தான். ஆதரவு 17, எதிர்ப்பு 19, ஒதுங்கியவை 11. தோற்றது. எதிர்த்தவர்களில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் உண்டு. ஒதுங்கியவர்களில் இந்தியா, மலேசியா, அதோடு காம்பியாவும்.

ஒரே மதம் என்ற பாசம் கடனுக்கும் வர்த்தகத்துக்கும் முன்னால் எத்தனை தூரம் தாங்கும் என்பதற்கு அந்த ஒரு வாக்குப் பலகையே போதும். கிறிஸ்தவ நாடுகளின் கணக்கும் இப்படித்தான், அவர்களின் பலகைகள் வேறு அறைகளில் தொங்குகின்றன.

ஐ.நா.வில் பொறுமையாகப் பேசியே ஒரு நல்ல காரியம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1999-லிருந்து ஒவ்வோர் ஆண்டும் ‘மதங்களை இழிவுபடுத்துதல்’ கூடாது என்ற தீர்மானம் வந்துகொண்டிருந்தது. கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அது பாதுகாப்பது மதத்தை. அந்த மதத்துக்குள்ளேயே மாற்றுக் கருத்து சொல்பவரைப் பிடித்து உள்ளே போட அதுவே சாவி. 2011 மார்ச்சில், அதைக் கொண்டுவந்த இஸ்லாமிய நாடுகளும் எதிர்த்த மேற்கத்திய நாடுகளும் இறங்கிவந்து 16/18 என்ற தீர்மானத்தை ஒருமனதாக ஏற்றன. பாதுகாப்பு மனிதருக்கு, வன்முறையைத் தூண்டினால் குற்றம், மற்ற வெறுப்புப் பேச்சுக்குப் பதில் பேச்சு என்று அது பாதையைத் திருப்பியது. அதே மாதம் 2-ஆம் தேதிதான், மத நிந்தனைச் சட்டத்தைத் திருத்தச் சொன்ன பாகிஸ்தான் சிறுபான்மையினர் நல அமைச்சர் ஷாபாஸ் பட்டியைச் சுட்டுக் கொன்றார்கள்.

மற்றபடி, தினசரி வேலை என்பது மேடையில் நடப்பதில்லை. ஒரு தூதரகத்தின் இளநிலை அதிகாரி நீதிமன்றத்தின் கடைசி வரிசையில், கையில் நோட்டோடு, வாய்தா மேல் வாய்தாவாகப் போய் உட்காருவார். அவர் எதுவும் பேச மாட்டார். நீதிபதி அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் அவர் வந்தது. கஜகஸ்தானில் ஒரு மதக் குழுவைப் பதிவு செய்ய உள்ளூரில் குறைந்தது 50 பேர் வேண்டும் என்று 2011 சட்டம் சொல்கிறது. 30 பேர் உள்ள குழு கூடிப் பிரார்த்தித்தால் சட்டவிரோதம். இந்த மாதிரிப் பதிவு விதிகள் செய்தித்தாளில் வராது, ஆனால் துப்பாக்கியைவிட அதிகமாக வழிபாட்டை நிறுத்துவது இவைதான். நான் ஒரு வெளியுறவு அமைச்சகத்துக்கு யோசனை சொல்ல நேர்ந்தால், மாநாடுகளுக்குச் செலவழிப்பதில் பாதியை இந்த நோட்டுப் புத்தக அதிகாரிகளுக்குத் திருப்பிவிடச் சொல்வேன்.

அந்த அதிகாரி யாருடைய வழக்குக்குப் போகிறார் என்பதும் கணக்கில் வரும். நைஜீரிய மனிதநேயச் சங்கத் தலைவர் முபாரக் பாலா ஒரு நாத்திகர். ஃபேஸ்புக்கில் எழுதியதற்காக 2020-ல் கைதானார், 2022-ல் 24 ஆண்டுச் சிறைத் தண்டனை, மேல்முறையீட்டில் அது ஐந்தாகக் குறைந்து 2025 ஜனவரியில் வெளியே வந்தார். கிறிஸ்தவப் போதகருக்காகக் குரல் கொடுக்கும் தூதரகம் இவருக்காகவும் அதே குரலில் கேட்டால்தான், ‘நாங்கள் உங்கள் நாட்டில் மதம் பரப்ப வரவில்லை’ என்ற பேச்சை அடுத்தமுறை நம்புவார்கள். உள்ளூர்ப் போதகருக்கும் அது நல்லது. அவர் நெற்றியில் வெளிநாட்டு முத்திரை விழாது.

கடைசியாக, சொந்த வீட்டு விஷயம். தப்பி ஓடிவருபவருக்குக் கதவைத் திறப்பதும் மத சுதந்திர வெளியுறவுக் கொள்கையின் பகுதிதான், ஆனால் அந்தக் கோப்பு வேறு அமைச்சகத்தில் இருக்கும். 2018 ஜூலையில் பிரிட்டன், மத, நம்பிக்கைச் சுதந்திரத்துக்கான தன் முதல் சிறப்புத் தூதரை நியமித்தது. அகமது பிரபு, அவரும் ஓர் அகமதியா. நல்ல தேர்வு. அதே ஆண்டு ஜனவரியில், இஸ்லாத்தை விட்டு விலகிய ஒரு பாகிஸ்தானியர் உயிருக்குப் பயந்து கேட்ட அடைக்கலத்தை அதே நாட்டின் உள்துறை நிராகரித்திருந்தது. தான் ஒரு மனிதநேயவாதி என்று அவர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. விசாரணையில் மனிதநேயத் தத்துவம் பற்றிக் கேள்வி கேட்டார்கள். பிளாட்டோ, அரிஸ்டாட்டில் பெயர்களை அவர் சொல்லவில்லையாம். அந்த முடிவு மாறி அவருக்கு அடைக்கலம் கிடைக்க 2019 ஆகிவிட்டது.